இரண்டு நாள் அலுவல் பயணம்: பெட்டி, டிக்கெட், காது அடைப்பு – வாசகர் கேள்வி பதில்

அலுவல் காரணமாக ஓரிரு நாள் விமானப் பயணம் போய்வரும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரு மாதச் சுற்றுலாவில் ஒரு நாள் தாமதமானால் சமாளித்துவிடலாம். நாளைக் காலை 10 மணிக்குக் கூட்டம் என்றால் அதே தாமதம் பயணத்தையே பாழாக்கிவிடும். அந்த நெருக்கடியை மனதில் வைத்தே பதில்களை எழுதியிருக்கிறோம்.

கேள்வி: வழியில் ஒரு விமானம் மாறிப் போனேன். நான் போய்ச் சேர்ந்தேன், பெட்டி வரவில்லை. கவுன்டரில் இருந்தவர் "நாளைக்கு வந்துவிடும் சார்" என்றார். நம்பி ஓட்டலுக்குப் போய்விட்டேன். பெட்டி ஓட்டலுக்கு வந்தபோது நான் அறையைக் காலி செய்துவிட்டுக் கிளம்பியிருந்தேன். அது என் கைக்கு வந்து சேர மேலும் ஒரு வாரம் ஆனது. நான் என்ன செய்திருக்க வேண்டும்?

பதில்: வாய்ச்சொல்லோடு அங்கிருந்து நகர்ந்திருக்கக் கூடாது. பெட்டி வராவிட்டால், லக்கேஜ் வரும் கூடத்தை விட்டு வெளியேறும் முன்பே அந்த விமான நிறுவனத்தின் லக்கேஜ் கவுன்டரில் பி.ஐ.ஆர். எனப்படும் புகார்ப் படிவத்தைப் பதிவு செய்ய வேண்டும். இரண்டு மூன்று நிறுவனங்களின் விமானங்களில் மாறி வந்திருந்தால், கடைசியாக உங்களைக் கொண்டுவந்து இறக்கிய நிறுவனத்திடம் போக வேண்டும். பதிவு செய்ததும் பத்து எழுத்து-எண்கள் கொண்ட ஒரு குறியீடு கிடைக்கும். அதில் முதல் மூன்று விமான நிலையத்தையும் அடுத்த இரண்டு விமான நிறுவனத்தையும் குறிக்கும். மீதி ஐந்தும் எண்கள். பெட்டி எங்கே இருக்கிறது என்று இணையத்தில் தேட இந்தக் குறியீடும் உங்கள் குடும்பப் பெயரும் போதும். குறியீடு இல்லாமல் வெளியே வந்துவிட்டால், பெட்டி வரவில்லை என்பதையே நீங்கள் நிரூபிக்க வேண்டியிருக்கும்.

படிவத்தில் பலர் அவசரமாக நிரப்பிவிடும் இடம் முகவரி. குறுகிய பயணத்தில் காரியம் கெடுவதே அங்கேதான். ஓட்டல் முகவரியை மட்டும் எழுதாதீர்கள். "இந்தத் தேதி, இந்த மணி வரை இங்கே; அதற்குப் பிறகு வீட்டு முகவரிக்கு" என்று இரண்டையும் தேதியோடு எழுதுங்கள். கவுன்டர் ஊழியர் கணினியில் ஒன்றை மட்டும் ஏற்றிவிடக்கூடும் என்பதால், திரையில் என்ன பதிவாகியிருக்கிறது என்று படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பெட்டியில் ஒட்டிய பட்டையின் பத்து இலக்க எண், உங்களிடம் கொடுத்த சிறு துண்டுச் சீட்டில் இருக்கும். பட்டையே கிழிந்து போயிருந்தால் பெட்டியைத் திறந்து பார்த்துத்தான் அடையாளம் காண்பார்கள். அதனால் "கறுப்புப் பெட்டி, நான்கு சக்கரம்" என்பதோடு நிறுத்தாமல், திறந்தவுடன் மேலே தெரியும் இரண்டு பொருள்களையும் சொல்லுங்கள். செக்-இன் செய்யும்போதே பெட்டியைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால் இந்த இடத்தில் தடுமாற வேண்டாம்.

இனி, பணம். பல் துலக்கும் பொருள்கள், உள்ளாடை, ஒரு சட்டை போன்ற அவசியப் பொருள்களை வாங்கிக்கொள்ள எவ்வளவு வரை தருவார்கள் என்று கவுன்டரிலேயே கேளுங்கள். வாங்கியதற்கெல்லாம் பில் வேண்டும். நாடு விட்டு நாடு போகும் பெரும்பாலான பயணங்களுக்கு 1999 மான்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும். அதன்படி, தாமதமாக வந்த பெட்டிக்கான புகாரை அது கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 21 நாள்களுக்குள் எழுத்தில் தர வேண்டும். பெட்டி உடைந்து வந்தால் 7 நாள்தான். வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 21 நாள் கடந்தும் வரவில்லை என்றால் தொலைந்ததாகவே கருதி இழப்பீடு கேட்கலாம். உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர்.; இது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு. இது வரம்புதானே தவிர, கேட்டவுடன் கிடைக்கும் தொகை அல்ல. காட்டும் பில்லுக்கு ஏற்பத்தான் பணம். உள்நாட்டுப் பயணத்துக்கு அந்தந்த நாட்டின் விதியும் நிறுவனத்தின் நிபந்தனைகளும் செல்லும்.

பெட்டி ஏன் பின்தங்குகிறது? விமானம் மாற 50 நிமிடம் இருந்தால் ஓடிப்போய் ஏறிவிடுவீர்கள். பெட்டியை இறக்கி, பிரித்து, சோதித்து, அடுத்த விமானத்தின் வயிற்றில் ஏற்ற அந்த நேரம் போதாமல் போகலாம். இன்னொரு காரணம் பழைய பட்டைகள். போன பயணத்தின் பட்டையோ, பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிய குட்டி பார்கோடு ஸ்டிக்கரோ அப்படியே இருந்தால் இயந்திரம் தவறான கோட்டைப் படித்துவிடும். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் அவற்றை உரித்து எடுங்கள். புதுப் பட்டையில் நீங்கள் இறங்கும் ஊரின் மூன்றெழுத்துக் குறியீடு சரியாக இருக்கிறதா என்று கவுன்டரிலேயே பாருங்கள்.

இவ்வளவுக்கும் மேலாக, இரண்டு நாள் பயணத்துக்குப் பெட்டியைச் சரக்கறையில் போடுவதே தேவைதானா என்று யோசிக்கலாம். போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் முதல் கூட்டத்துக்கான உடை, மருந்து, சார்ஜர், ஆவணங்கள் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும்.

கேள்வி: ஓட்டலில் திறந்து பார்த்தால் யாரோ ஒருவரின் துணிமணி! அச்சு அசல் என் பெட்டி மாதிரியே இருந்தது.

பதில்: பெட்டியை மூடிவிட்டு, அதன் பட்டையில் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு விமான நிறுவனத்தை உடனே அழையுங்கள். நீங்களே உரிமையாளரைத் தேடிப் பிடிக்க முயல வேண்டாம். உங்கள் பெட்டி பெரும்பாலும் பெல்ட்டில் சுற்றிச் சுற்றி நின்று, பிறகு கவுன்டருக்குப் போயிருக்கும். கொண்டுபோய் ஒப்படைத்து, வாங்கியதாகக் கையெழுத்து பெற்றுக்கொண்டு, உங்களுடையதைக் கேளுங்கள். இனிமேல் பெல்ட்டில் இருந்து எடுத்தவுடன் பட்டை எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைச் சீட்டோடு ஒப்பிட்டுவிடுங்கள். நிற ரிப்பன் கட்டுவது உதவும், ஆனால் சிவப்பு ரிப்பன் கட்டியவர்கள் அதே விமானத்தில் இன்னும் பலர் இருப்பார்கள்.

கேள்வி: டிக்கெட்டில் 15-ஆம் தேதி 00:10 என்று இருந்தது. 15-ஆம் தேதி இரவு சாப்பிட்டுவிட்டு விமான நிலையம் போனேன். விமானம் முந்தைய இரவே போய்விட்டதாம். என்னைப் போல வேறு யாராவது ஏமாறுவதுண்டா?

பதில்: நிறைய பேர். நள்ளிரவு தாண்டியதும் தேதி மாறிவிடுகிறது. ஆனால் நம் மனம் தூங்கி எழும்வரை அதை முந்தைய நாளாகவே எண்ணுகிறது. 15-ஆம் தேதி 00:10 என்றால் 14-ஆம் தேதி இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்ப வேண்டிய விமானம். நாள்காட்டியில் விமானம் புறப்படும் நேரத்தைக் குறிக்காமல், வீட்டையோ ஓட்டலையோ விட்டுக் கிளம்ப வேண்டிய நேரத்தைக் குறியுங்கள். "14, திங்கள், இரவு 8:30, கிளம்பு" என்று எழுதிவிட்டால் குழப்பத்துக்கு இடமே இல்லை. அலுவலகத்தில் வேறொருவர் உங்களுக்கு டிக்கெட் எடுக்கிறார் என்றால் "14 இரவு விமானம்" என்று சொல்லாதீர்கள். அவர் 14-ஆம் தேதி 00:10-க்கு எடுத்துவிடக்கூடும். கிழமையையும் இரண்டு தேதிகளையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "14 திங்கள் இரவு தாண்டி, 15 செவ்வாய் 00:10."

ஓட்டல் முன்பதிவிலும் இதே வினை உண்டு. அதிகாலை 2 மணிக்குப் போய் இறங்குபவர் அன்றைய தேதிக்கு அறை எடுத்தால், பிற்பகல்தான் அறை கிடைக்கும். முந்தைய தேதியிலிருந்து எடுத்து, "அதிகாலை வருவேன், வரவில்லை என்று ரத்து செய்ய வேண்டாம்" என்று ஓட்டலுக்கு எழுதிவிடுங்கள்.

கேள்வி: போக-வர ஒரே டிக்கெட். போகும் விமானத்தைத் தவறவிட்டதால் ரயிலில் போய்ச் சேர்ந்தேன். மறுநாள் திரும்ப விமான நிலையம் வந்தால், உங்கள் இருக்கை ரத்தாகிவிட்டது என்கிறார்கள். பணம் கொடுத்த டிக்கெட்டை எப்படி ரத்து செய்யலாம்?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் டிக்கெட்டின் நிபந்தனையில் இது இருக்கும். ஒரே டிக்கெட்டில் உள்ள பயணங்களை எழுதியிருக்கும் வரிசைப்படிதான் பயன்படுத்த வேண்டும். முதல் பயணத்துக்கு நீங்கள் தகவல் சொல்லாமல் வராமல் போனால், பின்னால் உள்ள எல்லாவற்றையும் ரத்து செய்ய நிறுவனத்துக்கு உரிமை உண்டு. பெரும்பாலும் கணினியே அதைச் செய்துவிடும்.

தப்பிக்கும் வழி, விமானம் புறப்படும் முன் அழைப்பதுதான். விமான நிலையத்துக்கு நேரத்துக்குப் போக முடியாது என்று தெரிந்த நிமிடமே நிறுவனத்தை அழைத்து, "போகும் பயணத்துக்கு வர முடியவில்லை, திரும்பும் பயணத்தை அப்படியே வைத்திருங்கள்" என்று கேளுங்கள். சில நிறுவனங்கள் இலவசமாகச் செய்யும், சில கட்டண வித்தியாசம் கேட்கும், சில மறுக்கும். ஒப்புக்கொண்டால் மின்னஞ்சலில் புதிய உறுதிச்சீட்டு வரும்வரை போனை வைக்காதீர்கள். முகவர் மூலம் எடுத்த டிக்கெட் என்றால் மாற்றத்தை முகவர்தான் செய்ய வேண்டும் என்பார்கள். இரவில் முகவரை எந்த எண்ணில் பிடிப்பது என்பதைக் கிளம்பும் முன்பே கேட்டு வையுங்கள்.

கூட்டம் எப்போது முடியும் என்று நிச்சயமில்லாத பயணங்களுக்குப் போக ஒன்று, வர ஒன்று எனத் தனித்தனி டிக்கெட் எடுப்பது நல்லது. விமானம் மாறிப் போகும் பயணத்தில் மட்டும் அப்படிப் பிரிக்காதீர்கள். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால், ஒரே டிக்கெட் என்றால் அடுத்ததில் ஏற்றிவிட வேண்டியது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் அந்த நட்டம் உங்களுடையது.

கேள்வி: கேபினில் இடமில்லை என்று கேட் அருகில் என் கைப்பெட்டியை வாங்கிச் சரக்கறைக்கு அனுப்பினார்கள். பிறகு பவர் பேங்க் உள்ளே இருப்பதாகச் சொல்லி என்னை இறக்கி, பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். கேபினில் அனுமதித்த பொருள்தானே?

பதில்: கேபினில் மட்டும் அனுமதித்த பொருள். லித்தியம் மின்கலம் பழுதாகித் தானே சூடேற ஆரம்பித்தால், ஒரு செல் அடுத்த செல்லைப் பற்றவைத்துக்கொண்டே போகும். கேபினில் என்றால் ஊழியர்கள் பார்த்துத் தண்ணீர் ஊற்றிக் குளிர வைத்துவிடலாம். சரக்கறைக்கு வானத்தில் யாரும் போக முடியாது. அங்குள்ள தீயணைப்பு வாயு சுடரை அடக்கும், மின்கலத்துக்குள் நடக்கும் வினையை நிறுத்தாது. அதனால்தான் பவர் பேங்க், உதிரி பேட்டரி, இ-சிகரெட் மூன்றும் சரக்கறைக்குப் போகவே கூடாது.

இவற்றையும் லேப்டாப், மருந்து, சாவி, பாஸ்போர்ட் ஆகியவற்றையும் ஒரு சின்னத் துணிப்பையில் போட்டுப் பெட்டியின் மேல்பக்கத்தில் வையுங்கள். கேட்டில் பெட்டியைக் கேட்டால் அந்தப் பையை மட்டும் உருவிக்கொண்டு கொடுத்துவிடலாம்.

அளவைப் பொறுத்தவரை 100 வாட்-அவர் (மின்கலம் சேமிக்கும் ஆற்றலின் அலகு) வரை கேட்காமலே கொண்டுபோகலாம். 100 முதல் 160 வரை நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும், அதுவும் இரண்டுக்கு மேல் கூடாது. 160-க்கு மேல் கிடையாது. பவர் பேங்கின் மேல் எம்.ஏ.ஹெச். மட்டும் போட்டிருந்தால் அதை 3.7-ஆல் பெருக்கி 1,000-ஆல் வகுங்கள். 20,000 எம்.ஏ.ஹெச். என்றால் 74 வாட்-அவர். 27,000 என்றால் 99.9. அச்சு அழிந்து எண்ணே தெரியாத பவர் பேங்கைப் பாதுகாப்புச் சோதனையில் பறித்துக்கொள்வார்கள், வாதாடிப் பயனில்லை. சீனாவின் உள்நாட்டு விமானங்களில் 2025 ஜூன் 28 முதல் 3சி எனப்படும் அந்நாட்டுப் பாதுகாப்புச் சான்று முத்திரை இல்லாதவற்றுக்கு அனுமதி இல்லை. பல நிறுவனங்கள் பறக்கும்போது பவர் பேங்கில் சார்ஜ் செய்வதையே தடை செய்துவிட்டன. கிளம்பும் முன் போனை முழுதாக ஏற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஷாம்பு பாட்டிலும் மைப்பேனாவும் விமானத்தில் மட்டும் ஏன் கசிகின்றன?

பதில்: விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பதைப் போல இருக்காது. 6,000 முதல் 8,000 அடி உயர மலைமேல் இருக்கும் அளவுக்குக் குறைத்து வைத்திருப்பார்கள். 8,000 அடிக்கான அழுத்தத்தில், மூடிய பாட்டிலுக்குள் இருக்கும் காற்று ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விரியும். அது ஷாம்புவை வெளியே தள்ளுகிறது. பாதி காலியான பாட்டிலில் காற்று அதிகம், தள்ளும் வேகமும் அதிகம். பாட்டிலை லேசாக அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு, அமுக்கியபடியே மூடியைத் திருகுங்கள். மூடிக்கு அடியில் ஒரு துண்டு பிளாஸ்டிக் தாளை வைத்து மூடினால் இன்னும் நல்லது. மைப்பேனாவை முழுதாக நிரப்புங்கள் அல்லது முழுதாகக் காலி செய்யுங்கள்; நிப் மேல்நோக்கி இருக்கட்டும். விமானம் மேலேறும்போது அதைத் திறக்க வேண்டாம். சட்டைப் பையில் வைக்கவும் வேண்டாம்.

கேள்வி: லேசான சளியோடு பறந்தேன். இறங்கும்போது காது அடைத்துக்கொண்டது. மாலைவரை எதிரில் இருப்பவர் பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டது.

பதில்: நடுச்செவியையும் தொண்டையின் மேற்பகுதியையும் இணைக்கும் குழாய், மேலேறும்போது காற்றை எளிதாக வெளியே விட்டுவிடும். இறங்கும்போதுதான் சிக்கல். வெளியழுத்தம் கூடிக்கொண்டே வரும், குழாயைத் திறந்து காற்றை உள்ளே விட வேண்டும். சளியால் வீங்கிய குழாய் திறக்காது, செவிப்பறை உள்நோக்கி இழுக்கப்படும். வலியும் மந்தமும் அதனால்தான்.

சக்கரம் தரையைத் தொடுவதற்கு ஏறக்குறைய அரை மணி நேரம் முன்பே இறக்கம் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் தூங்கக் கூடாது. தூக்கத்தில் நாம் அதிகம் விழுங்குவதில்லை. மிட்டாய் சப்புங்கள், கொட்டாவி விடுங்கள், சிறிது சிறிதாகத் தண்ணீர் குடியுங்கள். போதாவிட்டால் மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மிக மெதுவாக மூச்சை ஊதுங்கள். வலி வந்த பிறகு ஓங்கி ஊதுவதைவிட, வரும் முன்பே நிமிடத்துக்கு ஒருமுறை மென்மையாக ஊதுவது நல்லது. மூக்கடைப்பைத் திறக்கும் ஸ்ப்ரேயை இறக்கம் தொடங்க அரை மணி நேரம் முன்பு அடித்துக்கொண்டால் பலருக்குப் பலன் தரும். இரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

அடைப்பு வழக்கமாகச் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ விட்டுவிடும். கடும் வலி, காதில் இரத்தம் அல்லது நீர், தலைச்சுற்றல் என்றால் திரும்பும் விமானத்தில் ஏறும் முன் மருத்துவரைப் பாருங்கள். காய்ச்சலோடு கடுமையான சளி இருக்கிறது என்றால் பயணத்தையே தள்ளிப்போடச் சொல்வோம். ஒரு கூட்டத்துக்காகச் செவிப்பறையைப் பணயம் வைக்காதீர்கள்.

கேள்வி: பாதுகாப்புச் சோதனை ட்ரேயில் லேப்டாப்பை விட்டுவிட்டேன். விமான நிறுவனத்தை அழைத்தால் "எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்கிறார்கள்.

பதில்: உண்மைதான். விமானத்துக்குள் விட்ட பொருள் விமான நிறுவனத்திடம் போகும். காத்திருக்கும் கூடம், கழிப்பறை, உணவகத்தில் விட்டது விமான நிலைய நிர்வாகத்திடம். சோதனை இடத்தில் விட்டது பாதுகாப்புப் பிரிவினரிடம். பல இடங்களில் அவர்கள் தனியாகப் பட்டியல் வைத்திருப்பார்கள், ஓரிரு நாளில் நிர்வாகத்திடம் ஒப்படைப்பார்கள். அழைக்கும்போது தேதி, நேரம், எந்த வரிசை, மாடல், சீரியல் எண் ஆகியவற்றைச் சொல்லுங்கள். ஒரே மாதிரி சாம்பல் நிற லேப்டாப்கள் அங்கே அடுக்கி வைத்திருப்பார்கள், மூடியில் ஒட்டிய ஒரு ஸ்டிக்கர் பெரிய உதவி. உள்ளே அலுவலகத் தகவல் இருப்பதால், தேடுவதோடு நிற்காமல் உங்கள் ஐ.டி. பிரிவுக்கும் உடனே சொல்லி, தொலைவிலிருந்தே பூட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: ஓட்டலில் இரவு உணவுக்குப் போகும்போது லேப்டாப்பைச் சார்ஜில் போட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் அப்படியே இருக்கிறது.

பதில்: கதவு அட்டையைச் சுவரில் உள்ள பெட்டியில் செருகினால்தான் மின்சாரம் வரும் அறை அது. நீங்கள் அட்டையை எடுத்ததும் பிளக் முனைகளும் அணைந்துவிட்டன. வரவேற்பில் இரண்டாவது அட்டை கேட்டு வாங்கி, அதைச் செருகியே வைத்துவிடுங்கள். குளிர்பெட்டிக்கான பிளக் பெரும்பாலும் அணையாது, அவசரத்துக்கு அது உதவும்.

கேள்வி: விமானத்தில் காபி கொட்டி, கோட்டில் கறை. இறங்கி நேரே கூட்டத்துக்குப் போக வேண்டும். ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: தேய்க்காதீர்கள். தேய்த்தால் கறை நூலுக்குள் இறங்கும், கம்பளித் துணி பஞ்சு பஞ்சாக எழும்பும். வெள்ளைத் தாளால் ஒற்றி எடுங்கள்; நிறத் தாள் என்றால் அதன் சாயமும் ஏறிவிடும். குளிர்ந்த நீரில் நனைத்த தாளால் கறையின் விளிம்பிலிருந்து உள்நோக்கி ஒற்றுங்கள், பிறகு காய்ந்த தாளால் ஒற்றுங்கள். நான்கைந்து முறை இப்படி மாற்றி மாற்றிச் செய்யலாம். பால் கலந்த காபி என்றால் சுடுநீர் ஆகாது, பாலின் புரதம் துணியில் இறுகிவிடும். சூடான காற்றில் உலர்த்துவதும் அதே காரணத்தால் வேண்டாம்.

கேள்வி: வாடிக்கையாளருக்குக் காட்ட இயந்திரப் பாகங்களின் மாதிரிகளை வெளிநாடு கொண்டு போகிறேன். விற்பதற்கல்ல, திரும்பக் கொண்டுவந்துவிடுவேன். சுங்கத்தில் என்ன சொல்வது?

பதில்: இதற்கென்றே ஏ.டி.ஏ. கார்னே என்ற ஆவணம் இருக்கிறது. 1961-இல் ஏற்பட்ட உடன்படிக்கையின் கீழ் வருவது. வணிகச் சங்கங்கள் வழங்கும், ஓராண்டு வரை செல்லும். மாதிரிகள், தொழில் கருவிகள், கண்காட்சிப் பொருள்களை வரி கட்டாமல் தற்காலிகமாகக் கொண்டுபோய்வர உதவும். போகும் நாடு அந்த ஏற்பாட்டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புறப்படும்போதும், அங்கே நுழையும்போதும், அங்கிருந்து வெளியேறும்போதும், திரும்பி வரும்போதும் முத்திரை வாங்க வேண்டும். பலர் மறப்பது அங்கிருந்து வெளியேறும்போது வாங்க வேண்டிய முத்திரை. அது இல்லாவிட்டால் பொருள் அங்கேயே விற்கப்பட்டதாகக் கருதி வரி கேட்பார்கள். சுங்க மேசை சில இடங்களில் செக்-இன் கவுன்டருக்கு முன்பே இருக்கும். பெட்டியை ஒப்படைத்த பிறகு போனால் பொருளைக் காட்ட முடியாது. வழக்கமான நேரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள்.